குஞ்சாலி மரக்கார்: வாக்கை நம்பி வாளைத் தாழ்த்திய கடற்படைத் தளபதி

நாமக்கல், சேந்தமங்கலம், ராசிபுரம் என்று உள்நாட்டு ஊர்களில் வாழும் நம் குடும்பங்களுக்குக் கடல் தூரத்துச் சமாச்சாரம். கொல்லிமலையைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் வாஸ்கோ டி காமாவைப் படிக்கிறார்கள். அவர் எந்த ஆண்டு வந்தார், எந்தக் கரையில் இறங்கினார் என்று கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவருக்குப் பின்னால் வந்த பீரங்கிக் கப்பல்களை இந்தக் கடலில் தலைமுறை தலைமுறையாக எதிர்த்து நின்றது யார் என்று கேட்டால் பெரியவர்களான நாமே யோசிக்க வேண்டியிருக்கிறது.

எதிர்த்து நின்றவர்கள் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தளபதிகளான குஞ்சாலி மரக்கார்கள். ஒருவர் பின் ஒருவராக நான்கு பேர் அந்தப் பட்டத்தைச் சுமந்தார்கள். நான்காமவரான முஹம்மது குஞ்சாலி மரக்காரின் வாழ்க்கையை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். அவருடைய வீரம் பலருக்கும் தெரியும். அவர் எப்படி வீழ்ந்தார் என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது.

மரைக்காயரும் மரக்காரும்

மலையாளத்தில் மரக்கார் என்பதும் தமிழில் மரைக்காயர் என்பதும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள். மரக்கலம் என்ற சொல்லிலிருந்து இது வந்தது என்பது பலர் சொல்லும் விளக்கம். மரக்கலம் ஓட்டியவர்கள், மரக்கலத்தில் வணிகம் செய்தவர்கள் என்று பொருள். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் என நம் கிழக்குக் கரை முழுவதும் இந்தப் பெயரைத் தாங்கிய குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

அந்தக் காலத்தில் மலபாரில் மிளகு விளைந்தது, இஞ்சி விளைந்தது. ஆனால் அங்குள்ள மக்கள் உண்ணப் போதுமான நெல் விளையவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து அரிசியை ஏற்றிக்கொண்டு, கன்னியாகுமரியைச் சுற்றி, கொச்சிக்கும் கோழிக்கோட்டுக்கும் கொண்டுபோனவர்களில் மரைக்காயர்கள் முக்கியமானவர்கள். இலங்கையின் இலவங்கப்பட்டை வணிகத்திலும் அவர்களுக்குப் பங்கு இருந்தது. ஆக, மலபாரின் மரக்கார்களுக்கும் நம் தமிழகக் கரைக்கும் இருந்தது கொடுக்கல் வாங்கல் உறவு, கடல்வழி உறவு, தீனின் உறவு.

இவர்கள் பிறவியிலேயே போர் செய்யக் கிளம்பியவர்கள் இல்லை. தராசும் கணக்கும் தெரிந்த வணிகர்கள். அவர்களைப் போர்க்களத்துக்குத் தள்ளியது என்ன என்பதைத் தெரிந்துகொண்டால்தான் குஞ்சாலியின் வாழ்க்கை புரியும்.

கடலுக்கு வேலி போட்டவர்கள்

1498 மே மாதம் வாஸ்கோ டி காமா கோழிக்கோட்டுக்கு அருகே வந்து சேர்ந்தார். அதற்கு முன் பல நூறு ஆண்டுகளாக அரபிகள், குஜராத்திகள், தமிழர்கள், சீனர்கள், யூதர்கள் எல்லோரும் இந்தக் கடலில் வந்து போனார்கள். கடல் எந்த அரசருக்கும் சொந்தமாக இருந்ததில்லை. துறைமுகத்துக்கு வந்தவர் சுங்கம் கட்டினார், சரக்கை விற்றார், போனார்.

போர்த்துக்கீசியர், நம் முன்னோர் சொன்னபடி பறங்கியர், இந்த வழக்கத்தை மாற்றினார்கள். 1502-இல் இரண்டாவது முறை வந்த வாஸ்கோ டி காமா, மக்காவிலிருந்து ஹாஜிகளை ஏற்றிக்கொண்டு திரும்பிய கப்பலொன்றைக் கடலில் மறித்தார். அதிலிருந்த பொருள்களை எடுத்துக்கொண்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கான பயணிகளோடு அந்தக் கப்பலைக் கொளுத்தினார். 1510-இல் கோழிக்கோட்டைத் தாக்கியபோது குற்றிச்சிறையில் உள்ள மிஷ்கால் பள்ளிவாசலுக்குத் தீ வைத்தார்கள். அந்தப் பள்ளி இன்றும் அங்கே நிற்கிறது.

இதற்கெல்லாம் மேலாக, கர்த்தாஸ் என்ற அனுமதிச் சீட்டைக் கொண்டுவந்தார்கள். இந்தக் கடலில் ஒரு கப்பல் ஓட வேண்டுமானால் போர்த்துக்கீசியரிடம் சீட்டு வாங்க வேண்டும். மிளகு ஏற்றக் கூடாது. அவர்கள் சொல்லும் துறைமுகத்துக்குப் போய்ச் சுங்கம் கட்ட வேண்டும். சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்துச் சரக்கைப் பறித்துக்கொள்வார்கள். தலைமுறை தலைமுறையாகத் தான் ஓட்டிய கடலில் ஓட்டுவதற்கு ஒரு வணிகர் அந்நியரிடம் கைகட்டி நிற்க வேண்டிய நிலை வந்தது.

பொன்னானியைச் சேர்ந்த மார்க்க அறிஞர் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரபியில் எழுதிய துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்ற வரலாற்று நூல் இந்தக் கொடுமைகளைப் பதிவு செய்திருக்கிறது. மலபாரின் இந்து மன்னர்கள் முஸ்லிம்களைக் கண்ணியமாக நடத்தியதையும் அதே நூல் நன்றியோடு பதிவு செய்திருக்கிறது. இதை நாம் மறக்கக் கூடாது. குஞ்சாலிகள் நடத்திய போர் ஓர் இந்து மன்னரின் கொடியின் கீழ், முஸ்லிம் மாலுமிகளும் நாயர் வீரர்களும் தோளோடு தோள் நின்று நடத்திய போர்.

தாய்மாமன் வழியில் வந்த பட்டம்

1520-களில் கொச்சியிலிருந்த மரக்கார் குடும்பங்களுக்குப் போர்த்துக்கீசியரோடு ஒத்துப்போக முடியாமல் போனது. அவர்கள் வடக்கே நகர்ந்து சாமூதிரியிடம் போய்ச் சேர்ந்தார்கள். தங்கள் கப்பல்களையும் ஆட்களையும் அவருக்கு அளித்தார்கள். சாமூதிரி அவர்களின் தலைவருக்குக் கடற்படைத் தளபதி பொறுப்பையும் குஞ்சாலி என்ற பட்டத்தையும் கொடுத்தார். குட்டி அஹ்மது அலி முதல் குஞ்சாலி ஆனார்.

அவர்களுடைய போர் முறை எளிமையானது. போர்த்துக்கீசியரின் கப்பல்கள் பெரியவை, உயரமானவை, கனமான பீரங்கிகளைச் சுமந்தவை. காற்று இருந்தால் அவற்றை அடக்க முடியாது. காற்று நின்றால் அசைய முடியாது, ஆழமில்லாத இடத்துக்கு வரவும் முடியாது. மரக்கார்கள் சிறிய, வேகமான துடுப்புப் படகுகளைக் கட்டினார்கள். ஆற்று முகத்துவாரங்களில் பதுங்கியிருந்தார்கள். கரையில் காவல் நின்றவர்கள் அடையாளம் காட்டியதும் பத்துப் பதினைந்து படகுகள் ஒரே நேரத்தில் பாய்ந்து வந்து பெரிய கப்பலைச் சூழும். அடித்துவிட்டு, துரத்தும் கப்பல் நுழைய முடியாத காயலுக்குள் மறைந்துவிடும்.

அவர்களுடைய களம் மலபாரோடு நிற்கவில்லை. இலங்கையில் சீதாவாக்கை மன்னர் மாயாதுன்னைக்கு உதவ மரக்கார்களின் கப்பல் படை கிழக்கே சென்றது. 1538-இல் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில், மார்ட்டிம் அஃபோன்சோ டி சூசாவின் படையோடு பெரும் போர் நடந்தது. அதில் மரக்கார்கள் தோற்றார்கள். ஏராளமான கப்பல்களையும் ஆட்களையும் இழந்தார்கள். மலபார் முஸ்லிம்களின் ரத்தம் நம் தமிழ் மண்ணிலும் சிந்தியிருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தத் தோல்விக்குப் பிறகும் அவர்கள் ஓயவில்லை. படகுகளை மீண்டும் கட்டினார்கள், மீண்டும் கடலில் இறங்கினார்கள்.

மூன்றாவது குஞ்சாலியான பட்டு மரக்காரின் காலம்தான் இந்தக் குடும்பத்தின் உச்சம். கோழிக்கோட்டுக்குத் தெற்கே சாலியத்தில் 1531-இல் போர்த்துக்கீசியர் ஒரு கோட்டை கட்டியிருந்தார்கள். அங்கிருந்த பழமையான பள்ளிவாசலை இடித்து, அதன் கற்களையே கோட்டைக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். 40 ஆண்டுகள் அந்தக் கோட்டை சாமூதிரியின் தொண்டையில் முள்ளாக இருந்தது. 1571-இல் நிலத்தில் சாமூதிரியின் படையும் நீரில் குஞ்சாலியின் படையும் சேர்ந்து அதை முற்றுகையிட்டு வீழ்த்தின. சாமூதிரி அந்தக் கோட்டையைத் தரைமட்டமாக்கி, பள்ளிவாசலைத் திரும்பக் கட்ட அதன் கற்களில் ஒரு பகுதியைக் கொடுத்தார். ஓர் இந்து மன்னர் செய்த காரியம் இது.

இந்த வெற்றிக்குப் பரிசாக, வடகரைக்கு அருகே குற்றியாடி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கோட்டை கட்டிக்கொள்ளப் பட்டு மரக்காருக்கு அனுமதி கிடைத்தது. புதுப்பட்டணம் என்றும் கோட்டக்கல் என்றும் அந்த இடத்துக்குப் பெயர். ஆயுர்வேத வைத்தியத்துக்குப் பெயர்போன மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல் வேறு, இது வேறு. மூன்று பக்கம் நீர் சூழ்ந்த இந்தக் கோட்டைதான் பிறகு நான்காம் குஞ்சாலியின் இல்லமும் போர்க்களமும் ஆனது.

மலபாரின் வழக்கத்தையும் இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே பல குடும்பங்களில் தாய்வழி மரபு இருந்தது. குடும்பத் தலைமை தாய்மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குப் போகும். தாய்மாமன்தான் மருமகனைத் தொழிலுக்குப் பழக்குவார், உலகத்தைக் காட்டுவார். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் திருமணத்துக்குப் பிறகும் பெண் தாய்வீட்டிலேயே வாழும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. தாய்மாமன் என்றால் தந்தைக்கு அடுத்த இடம் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

முஹம்மது மரக்கார் பட்டு மரக்காரின் மருமகன். சாலியம் வீழ்ந்தபோது அவர் இளைஞர். அதன் பிறகு கால் நூற்றாண்டு மாமனின் நிழலில் கடல் தொழிலையும் போர்த் தொழிலையும் கற்றார். 1595-இல் பட்டு மரக்கார் இறந்தபோது முஹம்மது நான்காம் குஞ்சாலி ஆனார். அப்போது அவருக்கு வயது 45-க்குக் குறையாது. வாழ்நாள் முழுவதும் கடலையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர், அனுபவம் கனிந்த வயதில் பொறுப்புக்கு வந்தார்.

பிள்ளையாய் வளர்ந்த சீனச் சிறுவன்

குஞ்சாலி குடும்பத்தைப் பற்றி எதிரிகளே எழுதிவைத்த செய்தி ஒன்று நம் மனத்தைத் தொடுகிறது. சினாலி என்று போர்த்துக்கீசியர் குறிப்பிடும் ஒருவர் நான்காம் குஞ்சாலியின் வலக்கையாக இருந்தார். அவர் பிறப்பால் சீனர். சிறுவனாக இருந்தபோது மலாக்காவில் வேலைக்காரனாகவும், போர்த்துக்கீசியர் ஒருவரின் அடிமையாகவும் இருந்தவர். மலபார் படகொன்று அவரைப் பிடித்துக் குஞ்சாலியிடம் கொண்டுவந்து சேர்த்தது. குஞ்சாலிக்கு அந்தச் சிறுவன் மீது பெரும் பாசம் ஏற்பட்டது. அவனை வளர்த்தார், எல்லாப் பொறுப்புகளையும் நம்பி ஒப்படைத்தார். அந்தப் பிள்ளை இஸ்லாத்தில் வளர்ந்து, கடலில் போர்த்துக்கீசியர் மிகவும் அஞ்சிய வீரர்களில் ஒருவரானார்.

கடல் கொள்ளையர் தலைவன் என்று போர்த்துக்கீசியர் வர்ணித்த மனிதரின் வீட்டில் ஓர் அடிமைச் சிறுவனுக்குப் பிள்ளையின் இடம் கிடைத்திருக்கிறது. அநாதைகளை அரவணைப்பதை ஈமானின் அடையாளமாகக் கற்றுக்கொண்ட சமூகம் நம்முடையது. குஞ்சாலியின் வாழ்க்கையில் அவருடைய வெற்றிகளைவிட இந்தச் செய்தி நமக்குப் பெரியதாகத் தோன்றுகிறது.

அரசருக்கும் தளபதிக்கும் இடையே

குஞ்சாலி பொறுப்பேற்றபோது சூழ்நிலை மாறியிருந்தது. நூறு ஆண்டுப் போரில் சாமூதிரியின் அரசு களைத்திருந்தது. 1584-இல் பொன்னானியில் பண்டகசாலை வைத்துக்கொள்ளப் போர்த்துக்கீசியருக்கு அனுமதி கொடுத்து, சாமூதிரி சமாதானம் பேசியிருந்தார். அரசருக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். கடலில் ரத்தம் சிந்திய மரக்கார்களுக்கு அது துரோகமாகத் தெரிந்தது. பொன்னானியில் அந்நியனுக்கு இடம் கொடுத்துவிட்டால் அடுத்தது தங்கள் கோட்டைதான் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள்.

பட்டு மரக்கார் காலத்திலேயே கோட்டக்கல் கோட்டை வலுவடையத் தொடங்கியது. நான்காம் குஞ்சாலி மதில்களை உயர்த்தினார், பீரங்கிகளைக் கூட்டினார், ஆற்றின் பக்கமும் நிலத்தின் பக்கமும் காவலைப் பலப்படுத்தினார். அரசரின் தளபதி, அரசருக்கு இணையான பலம் கொண்டவராக வளர்ந்தார். மலபார் முஸ்லிம்களின் அரசர் என்றும் இந்தியக் கடல்களின் அதிபதி என்றும் அவர் தம்மை அழைத்துக்கொண்டதாகப் போர்த்துக்கீசியர் எழுதியிருக்கிறார்கள். சாமூதிரியின் யானை ஒன்றின் வாலை வெட்டியதாகவும், அதைக் கேட்க வந்த நாயரை அவமதித்ததாகவும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

எதிரி எழுதிய வரலாற்றை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். அதே நேரம், நம்மவர் என்பதற்காக ஒருவரிடம் எந்தக் குறையும் இருந்திருக்காது என்று நினைப்பதும் நேர்மை ஆகாது. பலம் வந்தபோது பணிவு குறைந்திருக்கலாம். அரசரின் பக்கத்திலும் பொறாமையும் சந்தேகமும் இருந்திருக்கலாம். உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய மனத்தாங்கல் அது. இரண்டு பக்கமும் மூன்று தலைமுறை நன்றி இருந்தது. ஆனால் இடையில் பேச வந்தவர்கள் அந்தப் பிளவு ஆழமாவதால் லாபம் அடையக் கூடியவர்கள்.

கோவாவிலிருந்த போர்த்துக்கீசியர் இந்த வாய்ப்பை நழுவவிடவில்லை. பாதிரிமாரும் அதிகாரிகளும் தூது வந்தார்கள். 1597-இல் கோவாவுக்குப் புதிய வைஸ்ராயாக வந்த பிரான்சிஸ்கோ டா காமா, வாஸ்கோ டி காமாவின் கொள்ளுப்பேரன். கொள்ளுத்தாத்தா பீரங்கியால் சாதிக்க முடியாததைக் கொள்ளுப்பேரன் உடன்படிக்கையால் சாதிக்கத் திட்டமிட்டார். குஞ்சாலியின் கோட்டையை நிலத்திலிருந்து சாமூதிரியும் கடலிலிருந்து போர்த்துக்கீசியரும் தாக்குவது என்று முடிவானது.

1599: தோற்று ஓடிய படை

1599 மார்ச் மாதம் முதல் தாக்குதல் நடந்தது. கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் வைஸ்ராயின் சகோதரர் லூயிஸ் டா காமா. நள்ளிரவில் ஒரு தீ அடையாளத்தைக் காட்டியதும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பாய வேண்டும் என்பது திட்டம். அடையாளம் நேரம் தவறிக் காட்டப்பட்டது. ஒரு பிரிவு முன்னால் பாய்ந்தது, மற்றொன்று எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் நின்றது. இருட்டில், ஆற்றுச் சேற்றில், எதிர்பார்த்திருந்த குஞ்சாலியின் துப்பாக்கிகளுக்கு முன்னால் போர்த்துக்கீசியர் மாட்டிக்கொண்டார்கள். ஆற்றைக் கடந்து திரும்ப ஓட முயன்றவர்களில் பலர் நீரில் மூழ்கினார்கள். பெயர்பெற்ற பல தளபதிகள் அன்று மாண்டார்கள்.

கீழ்த்திசைக் கடலில் போர்த்துக்கீசியர் கண்ட மிகப் பெரிய அவமானங்களில் ஒன்றாக அவர்களுடைய வரலாற்றாசிரியர்களே இந்தத் தோல்வியைக் கருதுகிறார்கள். தன் சொந்த அரசரின் படை நிலத்தில் சூழ்ந்திருக்க, கடலில் உலகின் பலம் பொருந்திய கடற்படை நிற்க, ஒரு சிறிய கோட்டையில் இருந்தவர்கள் வென்றார்கள்.

இங்கே குஞ்சாலிக்கு ஒரு வாய்ப்பு இருந்தது, சாமூதிரிக்கும் இருந்தது. வென்றவர் இறங்கிப் பேசியிருக்கலாம். தோற்றவர் பழைய உறவை நினைத்திருக்கலாம். அது நடக்கவில்லை. சமாதானத்துக்கு முன்னால் கோவாவிலிருந்து அடுத்த படை கிளம்பிவிட்டது.

1600: பசியும் வாக்குறுதியும்

இரண்டாவது படைக்குத் தலைமை தாங்கியவர் ஆந்திரே ஃபுர்ட்டாடோ டி மென்டோன்சா. அவசரப்படாத, அனுபவமுள்ள தளபதி. கோட்டையைப் பாய்ந்து பிடிப்பதற்குப் பதிலாகப் பட்டினி போட முடிவு செய்தார். ஆற்றின் வாயைக் கப்பல்களால் அடைத்தார். சாமூதிரியோடு உடன்படிக்கையைப் புதுப்பித்து, நிலத்தின் பக்கம் பெரும் படையை நிறுத்தச் செய்தார். வெளியிலிருந்து ஒரு மூட்டை அரிசிகூட உள்ளே போக முடியவில்லை.

மரக்கார்களின் முன்னோர் அரிசிக் கப்பல் ஓட்டியவர்கள் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். அந்தக் குடும்பத்தின் கடைசிக் கோட்டை அரிசி இல்லாமல் வாடியது. உள்ளே போர் வீரர்கள் மட்டும் இருக்கவில்லை. அவர்களுடைய மனைவிமார், குழந்தைகள், முதியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். பீரங்கிக் குண்டுகளைத் தாங்கிய மதில்களால் குழந்தைகளின் பசியைத் தாங்க முடியவில்லை.

தாமும் தம் மக்களும் உயிரோடு வெளியேற அனுமதித்தால் சரணடைவதாகக் குஞ்சாலி சாமூதிரிக்குச் சொல்லி அனுப்பினார். போர்த்துக்கீசியரிடம் அவர் கேட்கவில்லை. தம் குடும்பம் தலைமுறைகளாக உப்புத் தின்ற அரசரிடம்தான் கேட்டார். சாமூதிரி வாக்குக் கொடுத்தார்.

1600 மார்ச் 16. கோட்டையின் கதவு திறந்தது. முதலில் காயம்பட்டவர்களும் பெண்களும் குழந்தைகளும் வந்தார்கள். சாமூதிரி அவர்களைப் போக அனுமதித்தார். கடைசியாகக் குஞ்சாலி வந்தார். தலையில் கறுப்புத் துணி, கையில் முனை தாழ்த்திய வாள். அப்போது அவருக்கு ஏறத்தாழ 50 வயது என்றும், நடுத்தர உயரமும் அகன்ற தோள்களும் கொண்ட திடகாத்திரமான மனிதர் என்றும் அந்தக் காலப் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் தியோகோ டோ கோட்டோ எழுதியிருக்கிறார்.

குஞ்சாலி தம் வாளைச் சாமூதிரியிடம் கொடுத்தார். அந்த நொடியில், பக்கத்தில் நின்ற ஃபுர்ட்டாடோ அவரைப் பிடித்துத் தம் ஆட்கள் பக்கம் இழுத்துக்கொண்டார். அரசரின் வாக்கு அரசரின் கண் முன்னாலேயே முறிந்தது. சாமூதிரியின் நாயர் வீரர்கள் இதைக் கண்டு கொதித்தெழுந்தார்கள், ஆரவாரம் செய்தார்கள். மதத்தால் வேறுபட்ட அந்த வீரர்களின் மனசாட்சிக்கு இது அநியாயம் என்று தெரிந்திருந்தது. ஆனால் குஞ்சாலியும் அவருடைய தோழர்கள் சிலரும் அதற்குள் போர்த்துக்கீசியரின் பிடிக்குள் போய்விட்டார்கள். கோட்டை இடிக்கப்பட்டது. பள்ளிவாசலும் கடைவீதியும் தீக்கிரையாயின.

கோவாவில் ஒரு ஷஹாதத்

குஞ்சாலியைக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். கிறிஸ்தவராக மாறும்படி பாதிரிமார் அவரை வற்புறுத்தினார்கள். அவர் மறுத்துவிட்டார். பிறந்த தீனிலேயே இறக்கத் துணிந்தார்.

மக்கள் கூடிய பொது இடத்தில் அவருடைய தலை வெட்டப்பட்டது. உடலைத் துண்டுகளாக்கிக் கோவாவைச் சுற்றிய இடங்களில் காட்சிக்கு வைத்தார்கள். தலையை உப்பிலிட்டுக் கண்ணூருக்கு அனுப்பி, மலபார் முஸ்லிம்கள் பார்த்து அஞ்சும்படி கம்பத்தில் நட்டு வைத்தார்கள். அவருடைய தோழர்களும் கொல்லப்பட்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இறந்த உடலுக்கு இத்தனை தண்டனை ஏன்? உயிரோடிருந்த குஞ்சாலியைப் போரில் அவர்களால் வெல்ல முடியவில்லை. அந்தப் பெயரைக் கேட்டால் மக்கள் மனத்தில் எழும் நம்பிக்கையைக் கொல்ல நினைத்தார்கள். அதிலும் அவர்கள் வெற்றி பெறவில்லை.

திரும்பி வந்த மருமகன்

குஞ்சாலியின் மருமகன் ஒருவன் சிறுவனாக இருந்தபோது போர்த்துக்கீசியர் கையில் சிக்கினான். கோவாவில் அவனுக்கு ஞானஸ்நானம் செய்து, பெத்ரோ ரொட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். தங்கள் பிள்ளையாகவே வளர்த்து, போர்த்துக்கீசியப் பெண்ணையும் மணம் முடித்துக் கொடுத்தார்கள். பழைய வீட்டை அவன் மறந்துவிடுவான் என்று நினைத்தார்கள்.

அவர் மறக்கவில்லை. வளர்ந்த பிறகு கோவாவிலிருந்து தப்பித்து மலபாருக்குத் திரும்பினார். மீண்டும் இஸ்லாத்துக்கு வந்தார். அலி மரக்கார் என்று அறியப்பட்ட அவர், படகுகளைத் திரட்டிக்கொண்டு கடலில் இறங்கி, 17-ஆம் நூற்றாண்டின் முதல் பகுதியில் போர்த்துக்கீசியக் கப்பல்களைப் பல ஆண்டுகள் கலங்கடித்தார்.

சிறு வயதில் வீட்டில் ஊன்றியது எவ்வளவு ஆழமாகப் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பெயரை மாற்றினார்கள், மொழியை மாற்றினார்கள், உடையை மாற்றினார்கள். மாமனின் மடியில் கேட்டதை மாற்ற முடியவில்லை. பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லும் சொத்துகளில் எது கடைசி வரை நிற்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

குஞ்சாலியை ஒழித்த சாமூதிரி என்ன பெற்றார்? அவருடைய கடலைக் காக்க ஆள் இல்லாமல் போனது. கோட்டக்கல் வீழ்ந்து நான்கே ஆண்டுகளில், 1604 நவம்பரில், போர்த்துக்கீசியரை விரட்ட உதவி கேட்டு டச்சுக்காரர்களோடு ஒப்பந்தம் செய்தார். சொந்தத் தளபதியோடு பேசித் தீர்க்காத கணக்குக்காக, இன்னொரு அந்நியரை வாசலுக்கு அழைக்க வேண்டி வந்தது. போர்த்துக்கீசியருக்குப் பிறகு டச்சுக்காரர், டச்சுக்காரருக்குப் பிறகு ஆங்கிலேயர் என்று கதை நீண்டது.

இதை இந்து மன்னர் முஸ்லிம் தளபதிக்குச் செய்த துரோகம் என்று மட்டும் சுருக்கிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் நூறு ஆண்டுகள் அந்த இரு சமூகத்தாரும் சேர்ந்து நின்றதை மறைக்கிறோம். சாலியம் பள்ளிவாசலுக்குக் கல் கொடுத்த மன்னரை மறைக்கிறோம். குஞ்சாலி பிடிபட்டபோது கொதித்தெழுந்த நாயர் வீரர்களை மறைக்கிறோம். வீட்டுக்குள் மனத்தாங்கல் முற்றினால் வெளியாள் நடுவராக வந்து உட்காருவான். அரசுக்கும் இது பொருந்தும், ஜமாஅத்துக்கும் பொருந்தும், அண்ணன் தம்பிகளுக்கும் பொருந்தும்.

அடுத்தது வாக்குறுதி. அமானிதத்தையும் வாக்கையும் காப்பது நம் மார்க்கத்தில் எவ்வளவு பெரிய கடமை என்பது நாம் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லிக் கொடுப்பது. வாக்கை நம்பியவர் தலையை இழந்தார். ஆனால் நான்கு நூற்றாண்டு கடந்தும் மக்கள் யாரைக் கண்ணியத்தோடு நினைக்கிறார்கள்? வாக்கை நம்பி வந்தவரையா, வாக்கை முறித்தவர்களையா?

சுதந்திர இந்தியா அவரை மறக்கவில்லை. மும்பை கொலாபாவில் உள்ள இந்தியக் கடற்படையின் நிலையம் ஒன்று ஐ.என்.எஸ். குஞ்சாலி என்ற பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர் மறைந்து 400 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி 2000 டிசம்பரில் அஞ்சல் துறை நினைவுத் தபால்தலை வெளியிட்டது. வடகரைக்கு அருகே இரிங்ஙலில், கோட்டை இருந்த பகுதியில் குஞ்சாலி மரக்கார் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. மோகன்லால் நடித்து 2021-இல் வெளியான திரைப்படத்தைப் பல பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். திரைப்படத்தில் கற்பனைகள் அதிகம். உண்மை அதைவிடக் கனமானது.

விடுமுறைக்குக் கோழிக்கோடு பக்கம் போகும் குடும்பங்கள் ஒரு நாளை இரிங்ஙலுக்கு ஒதுக்கலாம். ராமேஸ்வரம் சாலையில் மண்டபத்தைக் கடக்கும்போது வேதாளை என்ற பெயர்ப்பலகையைக் காட்டி, 1538-இல் இங்கே என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இந்த நாட்டின் கடலைக் காக்க முஸ்லிம்கள் முன்வரிசையில் நின்றார்கள் என்பது நம் பிள்ளைகள் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டிய வரலாறு. பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளையோடு சேர்ந்து சொல்ல வேண்டிய வரலாறும் கூட.

குஞ்சாலி மரக்கார் அவர்களின் பாவங்களை அல்லாஹ் மன்னித்து, அவர்களுடைய தியாகத்தை ஏற்று, மறுமையில் உயர்ந்த இடத்தைக் கொடுப்பானாக. வாக்கைக் காப்பவர்களாகவும், பிள்ளைகளின் உள்ளத்தில் ஈமானையும் நீதியையும் ஊன்றுபவர்களாகவும் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.